ஒன்பதரை மணிக்கு எடுத்த சாம்பிள்

அய்யா செல்வம்,

நீ வீட்டை விட்டுப் போய் இன்றோடு இருபத்தெட்டு நாள் ஆகிறது. நான் நாலு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அப்பா செய்தால் எடுத்து, வேலையாக இருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிடுகிறாய். உன்மேல் எனக்கு வருத்தமில்லை. அன்றைக்கு நான் நடந்துகொண்டதற்கு யாராக இருந்தாலும் அப்படித்தான் இருப்பார்கள். இதைப் போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பேசினால் என் வாய் தன்னாலே சாக்குத் தேட ஆரம்பித்துவிடும். பதினோரு வருஷமாகப் பழகிய வாய் அது. எழுதினால், எழுதியதைத் திரும்பப் படித்து, சாக்காகத் தெரிகிற வரிகளை அடித்துவிட முடிகிறது. இந்தத் தாள்களில் அடித்தல் நிறைய இருக்கும். பொறுத்துக்கொள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ ஹேமாவின் போட்டோவைக் காட்டினாய். அப்பா போனைக் கையில் வாங்கி, எட்டத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பிள்ளை லட்சணமாக இருக்கிறாள் என்றார். மதுரையில் டீச்சர், சொந்த ஊர் பாளையம்பட்டி, வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், அவளுடைய அப்பா நூல் மில்லில் வேலை பார்க்கிறார் என்று நீ ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாய். நான் அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளபடியே சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மா இல்லாத பிள்ளை என்று சொன்னாய். எப்படி என்று கேட்டேன். "கால்ல புண்ணுன்னு ஆஸ்பத்திரில சேத்துருக்காகம்மா. அங்க வச்சு வயித்தால போயி எறந்துட்டாகளாம். அப்ப அவ எட்டாப்பு முடிச்சிருந்தா" என்றாய். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன், சொன்னாய். அந்த அம்மாவின் பெயரைக் கேட்டேன். சரோஜா என்றாய். நான் அடுப்பை அணைத்தேன். குழம்பு கொதிக்கக்கூட இல்லை.

பிறகு நான் சொன்னது உனக்குத் தெரியும். "இது வேண்டாம்யா." ஏன் என்று கேட்டாய். வேண்டாம் என்றால் விட்டுவிடு என்றேன்.  "சாதிதானம்மா? அப்பாவே ஒன்னும் சொல்லல. நீயுமா இப்படி?" என்று கேட்டாய். இல்லை என்று ஒரு வார்த்தை அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ என்மேல் போட்ட பழி எனக்கு வசதியாக இருந்தது, அய்யா. கேவலமான காரணம்தான். ஆனால் அதைவிடக் கேவலமான ஒன்றை மறைத்துக்கொள்ள அது இடம் கொடுத்தது. நீ பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனபோது வாசலுக்குக்கூட நான் வரவில்லை.

நீ பத்தாவது முடித்திருந்த கோடை அது. அப்போது நான் அருப்புக்கோட்டையில் அந்த ஆஸ்பத்திரி லேபில் இருந்தேன். ரெட்டியபட்டியிலிருந்து காலை பஸ்ஸுக்குப் போய், சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் திரும்புவேன். சித்திரை முடியும் சமயம், கரிசலெல்லாம் வாய் பிளந்து கிடந்தது. சரோஜாவைக் காலில் சீழ் கட்டிய புண்ணோடு சேர்த்திருந்தார்கள். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயது இருக்கும். பத்து நாளுக்கு மேல் ஆன்டிபயாடிக் ஊசி ஓடியது, புண் ஆற ஆரம்பித்தது. அப்புறம் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. ஒரு நாளைக்குப் பத்து தடவை, பன்னிரண்டு தடவை. கூடவே காய்ச்சல், வயிற்றுவலி. அங்கே புதிதாக வந்திருந்த டாக்டரம்மா ஒருவர் இருந்தார். படிப்பு முடித்து வந்த சூடு, எதையும் விசாரிக்காமல் விடமாட்டார். அவர் லேபுக்கே வந்து எனக்கு விளக்கினார்.

உனக்கும் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்தது உனக்கு விளங்காது. நாள்கணக்கில் ஆன்டிபயாடிக் போனால் நோய்க்கிருமியோடு சேர்ந்து குடலில் இருக்கிற நல்ல கிருமிகளும் செத்துப்போகும். அந்த மருந்துக்குச் சாகாத கிருமி ஒன்று உண்டு. இடம் காலியானதும் அது பெருகி, ஒரு விஷத்தைச் சுரக்கும். குடலை அரித்துப் புண்ணாக்குவது அந்த விஷம்தான். கிருமி சிலபேர் வயிற்றில் ஒன்றும் செய்யாமல் சும்மாவும் கிடக்கும், அதனால் விஷம் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும் என்றார். இருந்தால், ஓடுகிற ஊசியை நிறுத்திவிட்டு வேறு மருந்து கொடுக்கலாம். பேதியை நிறுத்துகிற மாத்திரையை மட்டும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் விஷம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். இந்தப் பரிசோதனை எங்கள் லேபில் கிடையாது. மலத்தை ஒரு டப்பாவில் எடுத்து மதுரைக்கு அனுப்ப வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார். அந்த விஷம் உடம்புக்குள் இருக்கும்வரைதான் பலம், வெளியே வந்து சூட்டில் இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே சிதைந்துபோகும். பிறகு எந்த மெஷினில் வைத்தாலும் இல்லை என்றுதான் காட்டும். ஆகவே எடுத்த உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள் அக்கா என்றார். நான் தலையாட்டினேன். எனக்கு முன்பே தெரிந்த விஷயம்தான்.

மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு நர்ஸ் அந்த டப்பாவைக் கொண்டுவந்தாள். லேபிளில் பெயரும் நேரமும் எழுதியிருந்தது. பள்ளிக்கூட வேன் டிரைவர்கள் முப்பது பேர் மெடிக்கல் செக்கப்புக்கு வந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். நான் ஒருவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். டப்பாவை ஜன்னலோரம் வை, இதோ எடுத்து உள்ளே வைக்கிறேன் என்றேன். மறந்துபோய்விட்டேன். இந்த இடத்தில் எழுதுவதற்கு ஒரு பெரிய காரணம் கிடைக்காதா என்று இத்தனை வருஷமும் தேடியிருக்கிறேன். வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை. கரண்டு போகவில்லை. ஃப்ரிட்ஜ் என் முதுகுக்குப் பின்னால் ஆறடி தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மதியம் சோற்று டப்பாவைக் கழுவிவிட்டுத் திரும்பி வந்தபோது கண்ணில் பட்டது. மணி இரண்டரை. ஜன்னல் வெயில் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. கையில் எடுத்தேன், சுட்டது.

நான் செய்ய வேண்டியது சின்ன காரியம். வார்டுக்குப் போய், சாம்பிள் வீணாகிவிட்டது, இன்னொன்று வேண்டும் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு மணிக்கொருதரம் போய்க்கொண்டிருந்தது, கிடைக்காமல் போகாது. ஆனால் முந்தின வாரம்தான் இரண்டு பேருடைய லேபிளை மாற்றி ஒட்டியதற்காக மேனேஜர் எல்லார் முன்னாலும் வைதிருந்தார், இனி ஒரு தப்பு வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று. மதுரைக்கு சாம்பிள் கொண்டுபோகிறவர் ஐஸ் பெட்டியோடு வாசலில் நின்றார், மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் அவருக்கு. நான் ஒன்பதரை என்று எழுதியிருந்த லேபிளை உரித்தேன். புது லேபிள் ஒட்டி இரண்டரை என்று எழுதினேன். ஃபாரத்தில் சாம்பிள் எடுத்த நேரம் என்று ஒரு கட்டம் இருக்கும், அதிலும் இரண்டரை. கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கவில்லை, அய்யா. பிற்பாடு நினைத்துப் பார்க்கையில் என்னைப் பயமுறுத்துவது அதுதான்.

அடுத்த நாள் ரிசல்ட் வந்தது. விஷம் இல்லை. டாக்டரம்மா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு லேப் வாசலில் நின்றார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அக்கா, சாம்பிளை உடனே ஃப்ரிட்ஜ்ல வச்சீங்கள்ல?" என்று கேட்டார். குற்றம் சாட்டுகிற கேள்வி இல்லை அது. இன்னொரு தடவை அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கக் கேட்டது. "வச்சேன் டாக்டர்" என்றேன். அவர் சரியென்று போய்விட்டார். தாள் அப்படிச் சொன்ன பிறகு பெரிய டாக்டர் வேறு என்ன நினைப்பார். சாதாரணப் பேதிதான் என்று அதை நிறுத்துகிற மாத்திரை எழுதினார், புண்ணுக்கான ஊசியும் தொடர்ந்தது. ஒரே நாளில் நின்றுவிட்டது. சரோஜாவின் வீட்டுக்காரர் காபித் தூக்கோடு லேபைக் கடந்து போனவர், என்னைப் பார்த்து நின்று, "நின்னுருச்சும்மா" என்று சிரித்தார். அதற்கு அடுத்த நாள் அவளுக்கு வயிறு உப்ப ஆரம்பித்தது. அதற்கும் மறுநாள் ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஆபரேஷன் செய்தும் பிழைக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சரோஜாவின் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தார், பழைய ரிப்போர்ட்டுகளை வாங்கிப்போக. கூட அந்தப் பிள்ளையும் வந்திருந்தது. மொட்டையடித்த தலையோடு அவர் லேப் ஜன்னலில் குனிந்து என்னிடம் கேட்டார். "மதுரையில பாத்ததுல அந்த வெசம் நெறைய இருக்குன்னு சொன்னாக. இங்க இல்லைன்னுதான வந்துச்சு. எப்படிம்மா?" சில சமயம் அப்படி ஆகும், ஒரு தடவை தெரியாது, மறு தடவை தெரியும் என்று சொன்னேன். அது பொய்யும் இல்லை. அந்தப் பரிசோதனையே நூற்றுக்கு நூறு கிடையாது. பொய்யில்லாத ஒரு வார்த்தையை எடுத்து அவர் வாயை அடைத்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டார். பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. பதினோரு வருஷம் கழித்து உன் போனில் நான் பார்த்த முகம் அதுதான். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நீ சரோஜா என்று சொன்ன பிறகு மறக்க முடியவில்லை.

பேய் என்றால் இருட்டில் வரும் என்பார்கள். சரோஜா மதியத்தில் வருவாள். லேபில் கூட்டம் கலைந்து, மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிற இரண்டரை மணிக்கு, ரத்தம் எடுக்கிற நாற்காலியில் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். ஒன்றும் பேசமாட்டாள். நான் அவளை உயிரோடு சரியாகப் பார்த்ததுகூட இல்லை, வார்டுக்கு ஒரே ஒரு தடவை போனபோது பார்த்ததுதான். ஆனாலும் அவள்தான் என்று தெரியும். நான் எழுந்துபோய் அந்த நாற்காலியைத் துடைப்பேன். கூட வேலை பார்த்தவர்கள் சுத்தக்காரி என்று சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு பிரஷர் கூடியது, தூக்கம் கெட்டது, நீயும் அப்பாவும் வேலை அதிகம் என்று நினைத்தீர்கள். பாளையம்பட்டி வழியாக பஸ் போனால் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவதுபோல் இருப்பேன். டாக்டரம்மாவும் இரண்டு மாதத்தில் போய்விட்டார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டு போக வந்தவர், தான் அந்தத் தாளை நம்பியிருக்கக் கூடாது என்றார். அந்தப் பாரத்தையும் அவர் தலையில் ஏற்றி அனுப்பிவைத்தேன்.

நான் ஆஸ்பத்திரியை விட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்து லேபுக்கு மாறிய பிறகு, அந்த விஷத்தைப் பார்க்கிற அட்டை அங்கேயே வர ஆரம்பித்தது. கையகலப் பிளாஸ்டிக் அட்டை. கரைத்த மலத்தை அதன்மேல் சில சொட்டு விட்டால், கிருமி இருந்தால் ஒரு கோடு விழும், விஷம் இருந்தால் இன்னொரு கோடு விழும். ஒரு நாள் ஒரு பெரியவருடைய சாம்பிளில் இரண்டு கோடும் அழுத்தமாக விழுந்தது. ரிசல்ட்டை உடனே போன் செய்து சொன்னேன், அவர் பிழைத்துக்கொண்டார். மிச்சம் இருந்ததை நான் கொட்டவில்லை. இரண்டாகப் பிரித்து ஒன்றை ஃப்ரிட்ஜில் வைத்தேன். இன்னொன்றை ஜன்னலோரம் வைத்தேன். அப்போது மணி ஒன்பதரை. நானாகப் பார்த்து வைத்த நேரம்தான். அதுவும் கோடைதான்.  இரண்டரைக்கு இரண்டு அட்டையை எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து இரண்டிலும் சொட்டு விட்டேன். ஃப்ரிட்ஜில் இருந்ததில் இரண்டு கோடும் வந்தது. ஜன்னலோரம் இருந்ததில் கிருமிக்கான கோடு வந்தது, விஷத்துக்கான இடம் வெள்ளையாகவே இருந்தது. அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளையாகவே இருந்தது. அதுவரைக்கும் ஒருவேளை மதுரை லேபில் தப்பு நடந்திருக்கும், ஒருவேளை அன்றைக்கு நிஜமாகவே இல்லாமல் இருந்திருக்கும் என்று ஒரு மூலையில் வைத்திருந்தேன். அந்த மூலையும் போயிற்று.

சரியாக அனுப்பியிருந்தால் சரோஜா பிழைத்திருப்பாளா என்று நீ கேட்பாய். தெரியாது. சரியாக மருந்து கொடுத்தும் போனவர்கள் உண்டு. ஆனால் பிழைப்பதற்கு அவளுக்கு நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளை நான் எடுத்துக்கொண்டேன். மறந்தது ஒரு தப்பு, அதை யாரும் மன்னித்திருப்பார்கள். லேபிளை உரித்தேனே, அதையும் டாக்டரம்மா கேட்டபோது வச்சேன் என்று சொன்னேனே அதையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ போன பிறகு பத்து நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. பதினோராம் நாள் அப்பாவிடம் சொன்னேன். பருத்திக்குக் களையெடுத்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். கழுவின கையைத் துடைக்காமலேயே நின்றார். பிறகு, "அந்த மனுசன்ட போயிச் சொல்லு. நானும் வாரேன்" என்றார். வேண்டாம் என்றேன். ஆனாலும் பாளையம்பட்டி வரைக்கும் கூட வந்து, பஸ் நிறுத்தத்து டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். நான் மட்டும் போனேன்.

ஹேமா தன் அப்பாவிடம் நம் வீட்டைப் பற்றிச் சொல்லியிருந்தாள் போலிருக்கிறது. முன்கூட்டியே போன் செய்து வருகிறேன் என்று சொன்னதால், நான் சம்பந்தம் பேச வருகிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். புதுச் சட்டை போட்டிருந்தார். நாற்காலிக்குத் துண்டு விரித்து வைத்திருந்தார். தட்டில் மிக்சரும் காராச்சேவும் இருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பிள்ளையைப் பெற்றவர்களே நேரில் வருவது பெரிய மனது என்றார். அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிப் பேச ஆரம்பித்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. இந்தக் கடிதத்தில் எழுதியிருப்பது அத்தனையும் சொன்னேன். லேபிளை உரித்ததைச் சொன்னேன். ஜன்னலில் குனிந்து அவர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

அவர் புதுச் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டார். பிறகு, "எடுத்தது எத்தன மணிக்கு?" என்று கேட்டார். ஒன்பதரை என்றேன். "நீங்க எழுதுனது?" இரண்டரை என்றேன். கணக்குப் போடுகிறவர்போல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. என்னை வைவார், அடிக்கக்கூட வருவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன்.

"வெசம் வெசம்னு சொன்னாக. நான் அவளுக்கு ஆஸ்பத்திரி வாசல்ல இருந்த கடையிலதான் இட்லி வாங்கிக் குடுத்தேன். அதுல இருந்துதான் வந்துச்சுன்னு நெனச்சேம்மா. எம் மச்சினமாரும் அதத்தான் சொன்னாக. அஞ்சு ரூவா மிச்சம் பாத்து அக்காவக் கொன்னுபுட்டான்னாக."

அவர் அழவில்லை. தட்டில் இருந்த மிக்சரை ஒரு பக்கமாகத் தள்ளித் தள்ளிக் குவித்துக்கொண்டே பேசினார். அம்மா போன நாளிலிருந்து ஹேமா அவர் கடையில் வாங்கி வருகிற எதையும் சாப்பிட்டதில்லையாம். பதிமூன்று வயதுப் பிள்ளை, தானே உலை வைத்துப் பொங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். ஏன் என்று இவர் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை. மில்லுக்குப் போகையில் சோற்றை எடுத்து வைத்துவிட்டு, சாப்பிடுங்கள் என்பதற்குமேல் அப்பாவிடம் அவள் பேசியதும் குறைவு. ஒரே வீட்டில் அப்படி வளர்ந்திருக்கிறாள். அன்றைக்கு அவர் லேப் ஜன்னலில் குனிந்து கேட்ட கேள்வி எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் என்மேல் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. இட்லியில் இருந்ததா, இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார். மருந்தால் வந்த விஷம், நீங்கள் வாங்கிக் கொடுத்த எதனாலும் வரவில்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்வதற்கு என் தப்பை ஒப்புக்கொள்ளக்கூட வேண்டியதில்லை. என்னைக் காப்பாற்றிக்கொள்கிற அவசரத்தில் அதையும் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

நான் எழுந்து அவர் காலில் விழப் போனேன். அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு தள்ளிப்போனார். "அதெல்லாம் வேணாம்" என்றார். "கல்யாணத்துக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன். அது புள்ளைக பாடு. ஆனா இத எம் மகட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா, தன்னக் காப்பாத்திக்கிறதுக்குச் சொல்றாருன்னு நெனச்சுக்கும்." நான் வெளியே வரும்போது அவர் வாசலுக்கு வரவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. டீக்கடையில் அப்பா மூன்றாவது டீயை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

நேற்று சனிக்கிழமை. காலை பஸ்ஸுக்கு மதுரைக்குப் போய் ஹேமாவை அவளுடைய ஹாஸ்டலில் பார்த்தேன். நீ அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்று தெரிந்தது. வீட்டில் கொஞ்சம் யோசிக்கிறார்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறாய். உன் அம்மாவை விட்டுக்கொடுக்காமல் இருந்திருக்கிறாய். அவள் படியிறங்கி வந்து, "வாங்கத்தை" என்றாள். பார்வையாளர் அறையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு மின்விசிறியும் இருந்தது. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் குறுக்கே பேசவில்லை. டீச்சர் இல்லையா, கேட்டுப் பழகியவள். ஒரு இடத்தில் மட்டும் கையை நீட்டி நிறுத்தச் சொல்லி, ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கொஞ்சம் கழித்து, சொல்லுங்க என்றாள். சொன்னேன்.

முடிந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான். "எங்கப்பா வாங்கிக் குடுத்ததுல ஒன்னும் இல்லையா?"

"ஒன்னும் இல்லம்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவள் போனை எடுத்துக்கொண்டு வெளியே நடைபாதைக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது. தெலுங்கில் பேசினாள். எனக்கு அந்தப் பாஷை அரைகுறைதான். சாப்பிட்டீர்களா என்று கேட்டது புரிந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமை என்ற வார்த்தை வந்தது. கடை என்ற வார்த்தை வந்தது. எதையோ வாங்கி வைக்கச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் அவர் ஒன்றும் பேசவில்லை போலிருக்கிறது, இவள் அதையே மறுபடியும் சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லும்போது சத்தம் வரவில்லை. சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு போனைக் காதில் பிடித்தபடி நின்றாள்.

திரும்பி வந்து உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். "நீங்க இத உங்க மகன்கிட்டயும் சொல்லிருங்க. எனக்குத் தெரிஞ்சது அவருக்குத் தெரியாம இருக்கக் கூடாது. பெறகு நாங்க பேசிக்கிறோம்." அத்தை என்று கூப்பிடவில்லை. மாடிப்படி ஏறிப் போய்விட்டாள். அதனால்தான் இன்றைக்கு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இன்னும் ஒருவர் பாக்கி இருக்கிறார். டாக்டரம்மா திருநெல்வேலிப் பக்கம் இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வருகிற வாரம் போய்ப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்கும் எழுத்தில் கொடுக்கப் போகிறேன். என்ன நடக்கிறதோ நடக்கட்டும். சரோஜா இப்போதும் வருகிறாள், அய்யா. சொல்லிவிட்டால் போய்விடுவாள் என்று நினைத்தேன். நேற்றுகூட மதுரையிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் வெயில் படுகிற பக்கத்து சீட்டில் இருந்தாள். இனி அவளைத் துரத்தப் போவதில்லை.

உங்கள் கல்யாணம் நடந்தால், அதில் நான் எங்கே நிற்பது, நிற்கலாமா கூடாதா என்பதை ஹேமா சொல்லட்டும். வரவேண்டாம் என்றால் வரமாட்டேன். அப்பா வருவார். நடக்காமல் போனால் அதற்கு அவள் காரணம் இல்லை என்பதை எந்தக் காலத்திலும் மறந்துவிடாதே.

படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதே. அவளுக்குச் செய். அவள் எதைச் சொன்னாலும், எவ்வளவு நேரம் சொன்னாலும் முழுக்கக் கேள். நடுவில், அம்மா பாவம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் அம்மா